எத்தனை சிந்தினாலும் மூக்கு ஏன் திறப்பதில்லை? ராத்திரி மூக்கடைப்பு: ஓர் எளிய விளக்கம்

ராத்திரி பதினொரு மணி. விளக்கை அணைத்துப் படுத்தாயிற்று. பகலெல்லாம் ஒழுங்காக இருந்த மூக்கு, தலையணையில் தலை பட்ட ஐந்தாவது நிமிஷம் அடைத்துக்கொள்கிறது. எழுந்து போய்ச் சிந்துகிறோம், ஒன்றும் வருவதில்லை. வலப்பக்கம் திரும்பிப் படுத்தால் வலது அடைக்கிறது, இடப்பக்கம் திரும்பினால் இடது. கடைசியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கி, காலையில் தொண்டை வறண்டு, தூங்கியும் தூங்காததுபோல் எழுந்திருக்கிறோம்.

நம் வீடுகளில் இதற்கு இரண்டு பெயர். பழைய பெயர் ‘தலையில நீர் கோத்துக்கிச்சு’. புதுப் பெயர் ‘சைனஸ்’. “எனக்கு சைனஸ் இருக்குங்க” என்று யாராவது சொன்னால், எல்லாருக்கும்தான் இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் துறுதுறுக்கும். சைனஸ் என்பது முகத்து எலும்புகளுக்குள் இருக்கும் காற்றறை. நெற்றியில், கன்னத்தில், இரு கண்களுக்கும் நடுவில், அதற்கும் பின்னால் என்று நான்கு ஜோடி, ஏறக்குறைய எல்லாருக்கும் உண்டு. அந்த அறைகளில் அழற்சி வந்தால்தான் அது நோய். அதற்குப் பெயர் சைனசைட்டிஸ். ராத்திரி மூக்கடைப்பில் அவதிப்படுகிற பலருக்கு அது கிடையாது. அவர்கள் சிக்கல் மூக்குத் துளைக்குள்ளேயே இருக்கிறது.

நீர் கோத்தலோ சைனஸோ, எந்தப் பெயரைச் சொன்னாலும் மனதில் வரும் படம் ஒன்றுதான். உள்ளே ஏதோ தேங்கி நின்று குழாயை அடைத்துக்கொண்டிருக்கிறது, அதை இளக்கி வெளியே எடுத்துவிட்டால் சரியாகிவிடும். சிந்துவது, ஆவி பிடிப்பது, தைலம் தேய்ப்பது, மருந்துக்கடையில் ‘சளிக்கு ஒண்ணு குடுங்க’ என்று கேட்பது எல்லாமே இந்தப் படத்திலிருந்து பிறந்தவை. படமே தப்பு என்பதால்தான் பாதி வைத்தியம் பலிப்பதில்லை.

மழைக்காலத்து மரக்கதவு

ஒரு வழி அடைபட இரண்டு விதம் உண்டு. பாத்திரம் கழுவும் தொட்டியின் குழாயில் சோற்றுப் பருக்கையும் காய்த்தோலும் சேர்ந்து அடைப்பது ஒன்று. குத்தி எடுத்தால் தண்ணீர் ஓடிவிடும். இன்னொன்று, ஐப்பசி மழையில் மரக்கதவு உப்பிக்கொண்டு நிலையோடு மாட்டிக்கொள்வது. அங்கே எடுத்துப் போட எதுவும் இல்லை. வாசலை எத்தனை முறை பெருக்கினாலும் கதவு அசையாது. மரம் காய்ந்து சுருங்கினால்தான் திறக்கும்.

ராத்திரி மூக்கடைப்பு பெரும்பாலும் இந்த மரக்கதவுதான். சளியும் கொஞ்சம் இருக்கலாம், ஆனால் வழியை மறிப்பது மூக்கின் உட்சுவரே. அது வீங்கிக்கொண்டு நிற்கிறது. சிந்தினால் ஒன்றும் வராதது அதனால்தான். பலமாகச் சிந்தச் சிந்த அந்தச் சுவர் இன்னும் எரிச்சலாகி இன்னும் வீங்கும்.

மரம் தண்ணீரைக் குடித்து உப்புகிறது. மூக்கு எதைக் குடித்து உப்புகிறது? ரத்தத்தை.

மூக்குக்குள் இருக்கும் ரத்தப் பஞ்சு

மூக்குத் துளையை நாம் வெறும் குழாயாக நினைக்கிறோம். உள்ளே பக்கச் சுவரிலிருந்து மூன்று மடிப்புகள், ஒன்றன்மேல் ஒன்றாக, அலமாரித் தட்டுப்போல நீட்டிக்கொண்டிருக்கின்றன. இவற்றுக்கு டர்பினேட் என்று பெயர். இந்தக் கட்டுரையில் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய கலைச்சொல் இது ஒன்றுதான். கீழே இருப்பது பெரியது. சுண்டுவிரலைப் படுக்கவைத்தாற்போல முன்னிருந்து பின்னால் நீண்டு கிடக்கும். டார்ச் அடித்துக் கண்ணாடியில் பார்த்தால் துளையின் வெளிப்பக்கச் சுவரில் இளஞ்சிவப்பாக உருண்டு தெரிவது அதன் முன்நுனி. “ஐயோ, சதை வளர்ந்திருக்கு” என்று அதைப் பார்த்துப் பயந்தவர்கள் உண்டு. அது பிறவியிலிருந்தே அங்கே இருப்பது.

டர்பினேட்டின் நடுவே மெல்லிய எலும்பு, அதன்மேல் சவ்வு. அந்தச் சவ்வுக்குள் ரத்தம் தேங்கக்கூடிய குட்டிக் குட்டிக் குளங்கள் ஏராளம். குளங்கள் நிறைந்தால் டர்பினேட் பருக்கும், வடிந்தால் சுருங்கும். ஒரு நாளில் சுமார் பத்தாயிரம் லிட்டர் காற்று மூக்கு வழியே போகிறது. அத்தனையும் நுரையீரலை அடையுமுன் உடம்புச் சூட்டுக்கு வந்து, ஈரமாகி, தூசி நீங்கிப் போக வேண்டும். அந்த வேலைக்குத்தான் இத்தனை ரத்தம், இத்தனை மடிப்பு. குளத்து மதகைத் திறந்து மூடுவது நரம்புகள். நம் விருப்பத்தைக் கேட்டு அவை வேலை செய்வதில்லை.

டர்பினேட்டுக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவே காற்று போகும் சந்து சில மில்லிமீட்டர்தான். இத்தனை குறுகிய சந்தில் சிறு வீக்கமும் பெரிய மாற்றத்தைச் செய்யும். வட்டக் குழாய் ஒன்றின் விட்டம் பாதியானால், அதே அழுத்தத்தில் அதன் வழியே போவது பாதியாகக் குறைவதில்லை. பதினாறில் ஒரு பங்காகக் குறையும். மூக்கு வட்டக் குழாய் அல்லதான், ஆனாலும் கணக்கின் போக்கு அதுவே. ‘கொஞ்சம் அடைப்பு’ என்பது மூச்சுக்குக் கொஞ்சமாக இருப்பதில்லை.

இதுவரை வந்ததைச் சேர்த்துச் சொன்னால்: மூக்கின் பக்கச் சுவரில் டர்பினேட் என்னும் ரத்தப் பஞ்சு இருக்கிறது. அதில் ரத்தம் நிறைந்தால் சந்து மூடும். மூக்கடைப்பு என்று நாம் சொல்வது பெரும்பாலும் அந்த நிறைவைத்தான்.

ஒரு பக்கம் மட்டும் அடைப்பது நோயா?

ஓர் எவர்சில்வர் தட்டை எடுத்துக் குளிர்ந்த நீரில் நனைத்துத் துடைத்துக்கொள்ளுங்கள். மூக்குக்குக் கீழே, மேலுதட்டை ஒட்டிக் கிடையாகப் பிடித்து, வாயை மூடி மெதுவாக மூச்சு விடுங்கள். தட்டில் இரண்டு பனித்திட்டுகள் விழும். ஒன்று பெரிதாக, ஒன்று சின்னதாக. இரண்டு மூன்று மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். பலருக்குப் பெரியது சின்னதாகவும் சின்னது பெரிதாகவும் மாறியிருக்கும்.

இந்த முறைமாற்றத்தை 1895இல் ரிச்சர்ட் கைசர் என்ற ஜெர்மன் மருத்துவர் முறையாக எழுதிவைத்தார். நம் பக்கத்தில் சித்தர் மரபிலும் யோகத்திலும் இதைச் ‘சரம்’ என்பார்கள். இடகலை (இடது மூக்கின் மூச்சு) ஓடுகிறதா, பிங்கலை (வலது மூக்கின் மூச்சு) ஓடுகிறதா என்று சரம் பார்த்துக் காரியம் தொடங்கும் வழக்கம் வெகுகாலம் முந்தியது. காரியம் பலித்ததா என்பதற்குள் நான் போகவில்லை. மூச்சு மாறி மாறி ஓடுகிறது என்ற கவனிப்பு மட்டும் அப்பழுக்கில்லாத உண்மை. ஒரு பக்க டர்பினேட் பருத்திருக்கும்போது மறுபக்கம் சுருங்கியிருக்கும், பிறகு மாறிக்கொள்ளும். நலமான மூக்கில் மொத்தக் காற்று குறையாததால் இது நம் கவனத்துக்கே வருவதில்லை. தூசி ஒவ்வாமையோ ஜலதோஷமோ வந்து இரண்டு பக்கமும் ஏற்கெனவே கொஞ்சம் வீங்கியிருந்தால், முறை வந்த பக்கம் ஒரேயடியாக மூடிக்கொள்ளும். ‘ஒண்ணு மாத்தி ஒண்ணு அடைக்குது’ என்பவர்கள் பார்ப்பது இதைத்தான்.

படுத்ததும் என்ன ஆகிறது?

கையைத் தொங்கவிட்டு அரை நிமிஷம் நில்லுங்கள். புறங்கையில் ரத்தக்குழாய்கள் புடைத்து வரும். அதே கையைத் தலைக்கு மேல் தூக்குங்கள், அவை அமுங்கிவிடும். இதயத்துக்குக் கீழே இருந்தால் ரத்தம் தேங்கும், மேலே இருந்தால் வடியும். அவ்வளவுதான் விஷயம்.

நிற்கும்போதும் உட்காரும்போதும் மூக்கு இதயத்துக்கு மேலே இருக்கிறது. டர்பினேட்டின் ரத்தம் தானாக வடிகிறது. படுத்தால் தலையும் இதயமும் ஏறக்குறைய ஒரே மட்டம். வடிவது மெதுவாகிறது, குளங்கள் நிறைகின்றன. இது எல்லாருக்கும் நடப்பது. மூக்கு நலமாக இருந்தால் தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே வீங்கிய மூக்குக்கு இது கடைசிச் சொட்டு.

ஒருக்களித்துப் படுக்கும்போது கீழ்ப்பக்கம் அடைப்பதில் ரத்தத்தின் எடையோடு இன்னொரு வேடிக்கையும் சேர்கிறது. கக்கத்திலும் விலாவிலும் அழுத்தம் விழுந்தால், அந்தப் பக்கத்து மூக்கு அடைத்து எதிர்ப்பக்கம் திறக்கும்படி உடம்பில் ஒரு நரம்பு இணைப்பு இருக்கிறது. சில சாமியார்கள் கக்கத்தில் முட்டுக்கொடுத்து உட்காரும் கவைக்கட்டையைப் பார்த்திருப்பீர்கள், யோக தண்டம் என்பார்கள். கை ஓய்வுக்காக மட்டும் அது வந்ததல்ல. சரத்தை மாற்றவும் அதைப் பயன்படுத்தினார்கள். வலது அடைத்தால் இடப்பக்கமாகப் படுங்கள், கொஞ்ச நேரத்தில் வலது திறக்கும். இடது அடைக்குமே என்றால், ஆமாம், அடைக்கலாம்.

இதோடு நேரமும் சேர்கிறது. வீக்கத்தை அடக்கி வைக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் நள்ளிரவை ஒட்டி உடம்பில் மிகவும் குறைந்துவிடும், விடியற்காலையில்தான் மறுபடி ஏறும். ஒவ்வாமைக்காரர்களுக்கு ராத்திரியும் அதிகாலையும் மோசமாக இருப்பதில் இதற்கும் பங்குண்டு.

ஆனால் பெரிய குற்றவாளி பெரும்பாலும் படுக்கையே. நாள் முழுக்க ஓடியாடிவிட்டு, ஒவ்வாமைப் பொருள் அதிகமாகக் குவிந்திருக்கும் இடத்தில் எட்டு மணி நேரம் மூக்கைப் புதைத்துக்கொள்கிறோம். அதைத் தனியாகப் பார்ப்போம்.

சுருக்கமாக, படுத்தால் ரத்தம் வடிவது குறைகிறது, அடங்கியிருந்த வீக்கம் ராத்திரியில் எழுகிறது, படுக்கைத் தூசி அதைக் கிளறுகிறது. மூன்றும் ஒரே நேரத்தில் வருவதால்தான் பகலில் தெரியாத அடைப்பு ராத்திரியில் தெரிகிறது.

தலையணைக்குள் யார்?

டஸ்ட் மைட் என்பது எட்டுக்கால் உண்ணி வகை. நீளம் கால் மில்லிமீட்டர் அளவு. கடிக்காது, ரத்தம் குடிக்காது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதில்தான் அதன் சாப்பாடு. மெத்தையும் தலையணையும் அதற்குச் சத்திரம். நமக்கு ஒவ்வாமை தருவது அதன் எச்சத்தில் இருக்கும் புரதம். புரண்டு படுக்கும் ஒவ்வொரு முறையும் அந்தத் துகள் கிளம்பி மூக்குக்குள் போகிறது. மூக்கு அதை எதிரியென்று எண்ணிச் சவ்வை வீங்கவைக்கிறது.

இந்த உண்ணியால் தண்ணீர் குடிக்க முடியாது. காற்றின் ஈரத்தை உறிஞ்சித்தான் வாழும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரிக் கடற்கரை ஊர்கள் அதற்குச் சொர்க்கம். காற்றில் ஈரம் ஐம்பது சதவீதத்துக்குக் கீழே போனால் உலர்ந்து செத்துவிடும். பாட்டிமார் இலவம்பஞ்சு மெத்தையை மொட்டைமாடியில் போட்டு, உச்சி வெயிலில் புரட்டிப் போட்டு, சாயங்காலம் தட்டி எடுத்து வந்ததற்கு அறிவியல் காரணம் இதைவிட வேறு வேண்டியதில்லை. இன்றைய ஒன்பது அங்குல மெத்தையை யார் மாடிக்குத் தூக்குவது என்பது நியாயமான கேள்வி. தலையணையையாவது தூக்கலாம்.

உண்ணி செத்தாலும் எச்சம் அங்கேயே கிடக்கும் என்பதால் வெயில் மட்டும் போதாது. தலையணை உறை, போர்வை, விரிப்பு எல்லாம் வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைக்க வேண்டும். அறுபது டிகிரி சூடு இருந்தால் உண்ணியும் சாகும், எச்சமும் கழுவிப்போகும். வெந்நீர் வசதியுள்ள வாஷிங் மெஷினில் அந்த எண் இருக்கும், நாம்தான் தொடுவதில்லை. பத்து வருஷத் தலையணைக்கு விடை கொடுப்பது இன்னும் நல்லது. எனக்குத் தெரிந்த ஒருவர் மூக்குக்காக ஊரெல்லாம் வைத்தியம் பார்த்தார், கல்யாணச் சீராக வந்த தலையணையை மட்டும் மாற்ற மனசு வரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜன்னலைச் சாத்தி, கொசுவத்திச் சுருளைக் கட்டிலுக்கடியில் கொளுத்திவைத்துவிட்டு, மூக்கு ஏன் அடைக்கிறது என்று கேட்கிறோம். புகை எதுவானாலும் சவ்வுக்கு எரிச்சல்தான், சாம்பிராணியும் ஊதுவத்தியும் உட்பட. கொசுவலை கட்டுவது பழைய யோசனை, ஆனால் மூக்கு அதைத்தான் விரும்பும்.

தைலம்: திறந்ததுபோல் ஒரு குளிர்ச்சி

தைலத்தை மூக்கடியில் தடவியதும் ‘அப்பாடா’ என்றிருக்கிறது. உண்மையில் மூக்கு திறந்ததா? பிரிட்டனில் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர் ரான் எக்கிள்ஸ், தைலத்தில் குளிர்ச்சி தரும் பொருளான மெந்தாலை முகரச் செய்து காற்று போகும் அளவைக் கருவியில் அளந்து பார்த்தார். முகர்ந்தவர்கள் மூச்சு எளிதாக இருக்கிறது என்றார்கள். கருவி மாற்றமே இல்லை என்றது.

காரணம் அழகானது. காற்று உள்ளே போவதை மூளை அறிவது, சவ்வின்மேல் படும் குளிர்ச்சியை வைத்து. சவ்வு நரம்பில் குளிரை உணரும் வாசல் ஒன்றுண்டு. குளிர்காற்று தட்டினாலும் அது திறக்கும், மெந்தால் தட்டினாலும் திறக்கும். டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் என்ற விஞ்ஞானிகள் இருவரும் தனித்தனியே மெந்தாலை வைத்துத்தான் அந்த வாசலைக் கண்டுபிடித்தார்கள். வெப்பத்தையும் தொடுகையையும் உடம்பு எப்படி உணர்கிறது என்று காட்டியதற்காக 2021இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. தைலம் பூசியவரின் மூளைக்குக் ‘காற்று நன்றாக வருகிறது’ என்ற செய்தி போகிறது. டர்பினேட் இருந்த இடத்தில் இருந்தபடியே இருக்கிறது.

அதற்காகத் தைலத்தைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. தூக்கம் வர அந்த உணர்வே உதவினால் நல்லதுதான். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் வேண்டாம். கற்பூரம் கலந்தது எதையும் குழந்தையின் மூக்கருகே கொண்டுபோகக் கூடாது. கற்பூரம் குழந்தைகளுக்கு வலிப்பையே வரவழைக்கக்கூடிய பொருள்.

ஆவி பிடிப்பதும் ஏறக்குறைய இதே கதை. சூடும் ஈரமும் கெட்டிச் சளியைக் கொஞ்சம் இளக்கும், இதமாக இருக்கும். வீக்கத்தை வற்றச் செய்யும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. நொச்சி இலை போட்டாலும் அதேதான். கொதிக்கும் பாத்திரத்தின்மேல் போர்வையை மூடிக் குழந்தையைக் குனியவைத்து வெந்துபோன சம்பவங்கள் தீக்காயப் பிரிவுகளில் இருப்பவர்களுக்குப் பழக்கமானவை.

உப்புத்தண்ணீர்: சாதாரணம், ஆனால் வேலை செய்யும்

உப்புநீரால் மூக்கைக் கழுவுவது ஒவ்வாமைத் துகளையும் ஒட்டிய சளியையும் நேரடியாக அலசி எடுக்கிறது. யோகத்தில் ஜல நேதி என்பது இதுவே. படுப்பதற்கு அரைமணி முன்னால் செய்தால் பகலெல்லாம் சேர்ந்த தூசியோடு படுக்கைக்குப் போக வேண்டியதில்லை.

அளவு முக்கியம். லிட்டருக்கு ஒன்பது கிராம் உப்பு, அதாவது ஒரு பெரிய டம்ளருக்கு, கால் லிட்டருக்கு, அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக. நம் ரத்தத்தின் உப்புக்கு அது ஈடு. குளத்தில் குதிக்கும்போது வெறும் தண்ணீர் ஏறினால் மூக்கு சுரீரென்று எரிகிறதே, உப்பு ஈடாக இருந்தால் அந்த எரிச்சல் இருக்காது. அயோடின் சேர்க்காத உப்பு கிடைத்தால் நல்லது. கலக்கச் சலிப்பாக இருந்தால் மருந்துக்கடையில் உப்புநீர்ச் சொட்டும் ஸ்ப்ரேயும் கிடைக்கும். அவற்றில் மருந்து எதுவும் இல்லையென்பதால் பழக்கமாகிவிடுமோ என்ற பயம் வேண்டாம்.

தண்ணீரில்தான் எச்சரிக்கை. கொதிக்கவைத்து ஆறவைத்த நீர் மட்டுமே. குழாய்த் தண்ணீர், கேன் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் எதையும் காய்ச்சாமல் மூக்கில் விடக்கூடாது. மூளையைத் தாக்கும் அமீபா ஒன்று நன்னீரில் வாழ்கிறது. குடித்தால் ஒன்றும் செய்யாது, மூக்கு வழியே போனால் மூளைக்கு ஏறிவிடும். 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் விட்ட இருவர் இறந்தார்கள். 2024லும் 2025லும் கேரளத்தில் பலரைத் தாக்கிய மூளைக்காய்ச்சலுக்கும் இந்த மாதிரி அமீபாக்களே காரணம். அரிதிலும் அரிது, ஆனால் ஒரு நிமிஷம் கொதிக்கவைப்பதில் நமக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

தலையை உயர்த்துவதும் இதைப் போலவே எளிய வேலை. தூக்கிய கையில் ரத்தம் வடிந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தலையணைமேல் தலையணை அடுக்கினால் கழுத்துதான் மடங்கும். தோளிலிருந்தே சரிவாக ஏற வேண்டும். மெத்தையின் தலைமாட்டுக்கடியில் மடித்த கம்பளியைச் செருகலாம், கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கடியில் செங்கல் வைக்கலாம். ராத்திரி சட்டென்று ஒரு வழி வேண்டுமென்றால் இரண்டு மாடி ஏறி இறங்கிப் பாருங்கள். உடம்பு சுறுசுறுப்பானால் நரம்புகள் குளங்களைச் சுருக்கிவிடும். கொஞ்ச நேரத்துக்குத்தான், தூங்கிப்போக அது போதலாம்.

சொட்டு மருந்து: நண்பன்போல் வரும் கடன்காரன்

சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின். சொட்டு மருந்துக் குப்பியின் பின்புறம் பொடி எழுத்தில் இந்தப் பெயர்களில் ஒன்று இருக்கும். இவை நேரே ரத்தக் குளங்களைச் சுருங்கவைக்கின்றன. இரண்டு சொட்டு, சில நிமிஷம், மூக்கு வழி அகண்டுவிடும். கட்டுரையின் தொடக்கத்திலிருந்து சொல்லிவரும் வீக்கத்தை உடனே வற்றவைக்கும் மருந்து இதுதான். பிறகென்ன குறை?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மார்கழி ஜலதோஷத்துக்கு வாங்கியது. ஜலதோஷம் ஒரு வாரத்தில் போனது, குப்பி போகவில்லை. முதலில் ராத்திரி ஒருமுறை. பிறகு விடியற்காலை மூன்று மணிக்கு இன்னொரு முறை. பொங்கல் முடிவதற்குள் தலையணைக்கடியில் ஒன்று, சட்டைப்பையில் ஒன்று, அலுவலக மேஜையில் ஒன்று. ஊருக்குப் போகும் பேருந்தில் குப்பி இல்லையென்று தெரிந்தபோது வந்த பதற்றத்தில்தான், மருந்து என்னை எடுத்துக்கொண்டிருக்கிறது என்று புரிந்தது.

தினமும் விட்டால் ரத்தக்குழாய்கள் அதற்குப் பழகிப்போகின்றன. மருந்தின் வேகம் தீர்ந்ததும் முன்னைவிட அதிகமாக வீங்குகின்றன. அந்த வீக்கத்துக்கு மறுபடி மருந்து. இப்போது அடைப்பை உண்டாக்குவது ஜலதோஷமல்ல, சொட்டு மருந்தே. அதனால்தான் மூன்று முதல் ஐந்து நாளுக்குமேல் வேண்டாம் என்கிறார்கள்.

மாட்டிக்கொண்டவர்கள் வெளியே வர ஒரு வழி இருக்கிறது. ஒரு பக்க மூக்கில் மட்டும் முதலில் நிறுத்துவது. மறுபக்கம் திறந்திருப்பதால் தூங்க முடியும். நிறுத்திய பக்கம் ஓரிரு வாரத்தில் தேறியதும் அடுத்த பக்கத்தையும் நிறுத்தலாம். எனக்கு மருத்துவர் அப்படித்தான் சொன்னார், கூடவே ஒரு ஸ்டீராய்டு ஸ்ப்ரேயும் எழுதினார். இடது பக்கத்துக்குப் பன்னிரண்டு நாள் ஆனது.

ஸ்ப்ரே, மாத்திரை

ஸ்டீராய்டு என்றதும் எல்லாரும் பயப்படுகிறார்கள். ஃப்ளூட்டிகசோன், மோமெட்டசோன் போன்ற மூக்கு ஸ்ப்ரேக்களில் இருப்பது மிகச் சிறிய அளவு. பெரும்பகுதி மூக்கோடு நின்றுவிடும். ஒவ்வாமை அடைப்புக்கு இருக்கும் மருந்துகளில் இதுவே மேலானது. சொட்டு மருந்து குளத்தை இறைக்கிறது என்றால், இது குளத்துக்கு வரும் வாய்க்காலை அடைக்கிறது. அதனால் உடனே தெரியாது. முழுப்பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் தினமும் அடிக்க வேண்டும். ‘மூணு நாள் அடிச்சேன், ஒண்ணும் கேக்கல’ என்று வீசிவிடுபவர்கள்தான் அதிகம்.

அடிக்கும் விதத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. அப்போது முனை தானாக வெளிப்பக்கம், காதை நோக்கித் திரும்பும். அங்கேதான் டர்பினேட் இருக்கிறது. நேராகவோ உள்பக்கமாகவோ அடித்தால் மூக்கின் நடுச்சுவரில் பட்டு ரத்தம் கசியலாம். தலையை லேசாகக் குனிந்துகொள்ளுங்கள். அடித்தபின் ‘ஸ்ஸ்’ என்று பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும்.

செட்டிரிசின் வகை மாத்திரைகள் தும்மலுக்கும் அரிப்புக்கும் நீர்வடிதலுக்கும் நல்லவை, அடைப்பை அவ்வளவாகத் தொடுவதில்லை. மருந்துக்கடையில் ‘சளி மாத்திரை’ என்று தருவதில் ஃபினைலெஃப்ரின் என்ற பெயர் அடிக்கடி இருக்கும். வாய்வழி உட்கொண்டால் அதில் பெரும்பகுதி குடலிலேயே சிதைந்துவிடுகிறது. மூக்கடைப்புக்கு அது பலனில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் வல்லுநர் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாகச் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் கலந்த மருந்தை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தரக்கூடாது என்று எச்சரிக்கை அச்சிட உத்தரவிட்டது.

‘சதை வளர்ந்திருக்கு’ என்றால் எந்தச் சதை?

இத்தனையும் செய்து சில வாரம் ஆகியும் மூக்கு திறக்கவில்லையென்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். எப்போதும் ஒரே பக்கம் மட்டும் அடைப்பது, அந்தப் பக்கம் ரத்தம் வருவது, காய்ச்சலோடு முகம் வலிப்பது, குறட்டை நடுவே மூச்சு நின்று நின்று வருவது இவற்றுக்கெல்லாம் காத்திருக்கவே கூடாது. சின்னக் குழந்தைக்கு ஒரு மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால், பெரும்பாலும் உள்ளே ஒரு பாசிமணியோ கடலைப்பருப்போ இருக்கும்.

மருத்துவமனையிலிருந்து வருபவர்கள் ‘மூக்குத் தண்டு வளைஞ்சிருக்காம்’ அல்லது ‘சதை வளர்ந்திருக்காம்’ என்று சொல்வார்கள். தண்டு என்பது இரு துளைகளுக்கும் நடுவே உள்ள சுவர். அது கொஞ்சமாவது வளையாத மனிதர்கள் குறைவு. வளைவு இருப்பதாலேயே அறுவைசிகிச்சை தேவை என்று ஆகிவிடாது. ‘சதை’ என்ற சொல்தான் இன்னும் குழப்பம். பருத்த டர்பினேட்டையும் சதை என்கிறார்கள். நாள்பட்ட அழற்சியால் சவ்வு தொங்கித் திராட்சைபோல் ஆகும் பாலிப்பையும் சதை என்கிறார்கள். குழந்தைகளுக்கு மூக்கின் பின்கோடியில் பெருக்கும் அடினாய்டையும் சதை என்கிறார்கள். முதலாவது ஸ்ப்ரேக்குப் பெரும்பாலும் அடங்கும். இரண்டாவது எடுத்தாலும் திரும்ப வரக்கூடியது. மூன்றாவது பலருக்கு வயது ஏற ஏறத் தானே சுருங்கும், சிலருக்கு எடுக்க வேண்டிவரும். “எடுத்துடலாம்” என்று மருத்துவர் சொன்னதும் தேதி குறிக்காமல், “டாக்டர், இந்த மூணுல எது?” என்று கேளுங்கள்.